டாங்கியை விற்றவர்களும் விதைநெல் காத்தவர்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராணுவச் செலவைக் குறைத்துக்கொண்டே ஒரு நாடு நேட்டோ கூட்டணியில் நீடிக்க முடியுமா? ஒப்பந்தம் இடம் தருகிறதா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: தருகிறது. நேட்டோவை உருவாக்கிய 1949 ஒப்பந்தத்தில் இத்தனை சதவீதம் செலவழிக்க வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் கிடையாது. பிரபலமான 5-ஆவது பிரிவுகூட, தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவ ஒவ்வொரு நாடும் தான் அவசியமென்று கருதுவதைச் செய்யும் என்பதோடு நின்றுவிடுகிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் என்பது 2014-இல் வேல்ஸ் மாநாட்டில் தலைவர்கள் வைத்த இலக்கு. 2025 ஹேக் மாநாட்டில் அது, 2035-க்குள் 5 சதவீதம் என்று ஏறிவிட்டது. அதில் நேரடி ராணுவச் செலவு மூன்றரை.

எதை வெட்டுவது என்பதில்தான் தலைவலி. சம்பளம், பென்ஷன், கையெழுத்தாகிவிட்ட கொள்முதல் இவற்றில் சட்டென்று கைவைக்க முடியாது. இந்த வருடமே பணம் மிஞ்ச வேண்டுமென்றால் பயிற்சி, உதிரிபாகம், வெடிமருந்து இருப்புதான் முதலில் அகப்படும். கூட்டணிக்குக் கொடுத்த கணக்கில் படைப்பிரிவு அப்படியே இருக்கும்; கூப்பிட்டால் வண்டிகள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்.

நெதர்லாந்து அப்படி மழுப்பவில்லை. மிச்சமிருந்த இரண்டு டாங்கி பட்டாலியன்களையும் 2011-இல் கலைத்தது. 100 லெப்பர்டு 2ஏ6 டாங்கிகள், சுமார் 20 கோடி யூரோவுக்குப் பின்லாந்து போயின. 2016-இல் சுமார் 100 டச்சு வீரர்கள் ஜெர்மனியின் 414-ஆவது டாங்கி பட்டாலியனில் சேர்ந்தார்கள். 18 டாங்கிகளை ஜெர்மனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். சொந்த பட்டாலியன் மறுபடி வேண்டும் என்று 2024-இல் முடிவெடுத்து, இப்போது 46 புதிய லெப்பர்டு 2ஏ8 வாங்குகிறார்கள். விற்றது பழைய விலை, வாங்குவது புது விலை! ஆனாலும் அந்த நூறு பேரை விடாமல் வைத்திருந்தது கெட்டிக்காரத்தனம். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதே.

கேள்வி: பிரிட்டனின் 'விதைநெல்' திட்டம் என்கிறார்களே, அது என்ன?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆங்கிலத்திலும் அதே பொருள்தான்; தஞ்சாவூருக்கு விளக்கவே வேண்டாம். 2010 சிக்கனத்தில் நிம்ராட் எம்ஆர்ஏ4 கடல் ரோந்து விமானத் திட்டத்தைக் கைவிட்டு, ஏறக்குறைய தயாராகி நின்றவற்றையே உடைத்துப்போட்டார்கள். பிறகு ஸ்காட்லாந்துக் கரையில் நீர்மூழ்கி தேட நேச நாட்டு விமானங்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஆனால் அனுபவமுள்ள பணியாளர் சிலரை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விமானங்களில் பறக்க அனுப்பிவைத்தார்கள்; அதுதான் விதைநெல். விமானத்திலிருந்து கடலில் போடும், நீருக்கடிச் சத்தம் கேட்கும் கருவியான ஒலிமிதவை அனுப்பும் இரைச்சலில் மீன்பிடிப் படகின் இன்ஜின் எது, நீர்மூழ்கி எது என்று பிரிக்கும் திறமை வகுப்பறையில் மட்டும் வராது. பழக்கம் விட்டால் மங்கும். 2020-இல் புதிய கடல் ரோந்து விமானமான பி-8 பொசைடனில் முதலாவது வந்திறங்கியபோது ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பத்து வருட இடைவெளி மட்டும் இடைவெளிதான்.

கேள்வி: படையே இல்லாத ஐஸ்லாந்து எப்படி நேட்டோவில் இருக்கிறது?
- வாசகர், மதுரை

பதில்: படைக்குப் பதிலாகத் தன் மண்ணில் இடம் கொடுக்கிறது. அங்குள்ள கேஃப்ளாவிக் விமானத் தளத்துக்கு 2008 முதல் நேச நாட்டுப் போர் விமானங்கள் முறைவைத்து வந்து போகின்றன. வட அட்லாண்டிக் நடுவே உட்கார்ந்திருக்கும் பாக்கியம் எல்லா நாட்டுக்கும் வாய்க்காது.