உப்புக்காற்று அடுப்படி: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் அடுப்பில் எது நன்றாக வந்தது, எது கெட்டது என்று எழுதச் சொல்லியிருந்தோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை வந்த கடிதங்களில் ஈரத்தின் கதைதான் அதிகம். கைப்பக்குவம் போய்விட்டதோ என்று சிலர் வருந்தியிருக்கிறார்கள். வருந்த வேண்டாம். செய்முறையைக் குறை சொல்லும் முன் தண்ணீரையும் காற்றையும் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நாலைச் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்று தெரியாமலே போய்விடும்.

கே: குக்கரில் கருப்பட்டி கேக் செய்தேன். ஒரு கப் மைதா, ஒரு கப் கருப்பட்டிப் பாகு, 2 முட்டை, அரை கப் எண்ணெய், ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. நன்றாக எழும்பியது, இறக்கியதும் நடுவில் அமுங்கிவிட்டது. அடியில் களி மாதிரி ஒரு படலம், சோப்பு வாடை வேறு. சீனி கேக்குக்கு பேக்கிங் பவுடர் போடுவேன், அது சரியாகவே வருகிறது. உம்மா, "கருப்பட்டி கேக்குக்கு ஒத்து வராது, விட்டுரு" என்கிறார். விட்டுவிடவா?
– வாசகி, கீழக்கரை

விட வேண்டாம். அந்தச் சோப்பு வாடையே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. சமையல் சோடா முழுதாக வேலை செய்யப் புளிப்பு வேண்டும். வெல்லம் போட்டுச் செய்யும் கேக்குகளில் சோடா மட்டும் போடச் சொல்வார்கள். வெல்லத்தில் கொஞ்சம் புளிப்பு இருக்கும் என்ற கணக்கு அது. கருப்பட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பதநீர் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் இறக்குகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு பதநீரின் புளிப்பை அடக்கிவிடும். ஆகவே நீங்கள் போட்ட சோடாவில் பெரும்பகுதி அப்படியே மாவில் தங்கி, சோப்பு வாடையாக வெளிப்பட்டிருக்கிறது.

அடியில் களி சேர்ந்தது தண்ணீரால். "ஒரு கப் பாகு" என்பது அளவே இல்லை. அதில் கருப்பட்டி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? மழைக்காலத்தில் கருப்பட்டி தானே ஈரம் இழுத்துக் கசியும், அதனால் அதே கப் பாகு வெயில்காலத்தைவிட இப்போது இன்னும் நீர்த்திருக்கும். தராசு வைத்து இந்த அளவில் செய்து பாருங்கள்:

மைதா 160 கிராம், கருப்பட்டி 150 கிராம், தண்ணீர் 50 மில்லி, முட்டை 2, எண்ணெய் 75 மில்லி, புளித்த தயிர் 50 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூனில் பாதி, உப்பு ஒரு சிட்டிகை. 7 அங்குல வட்டப் பாத்திரத்துக்கு இது சரியாக இருக்கும்.

கருப்பட்டியைத் தட்டி, அந்த 50 மில்லித் தண்ணீரில் கரையும் வரை மட்டும் சூடாக்குங்கள். கம்பிப் பதம் வேண்டாம். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், மணல் இல்லாத கருப்பட்டி அபூர்வம். பிறகு முழுதாக ஆற விடுங்கள். பலர் அவசரப்படுவது இங்கேதான். சூடான பாகை ஊற்றினால் முட்டை திரியும், பேக்கிங் பவுடரின் வாயுவும் அடுப்பேறும் முன்பே போய்விடும். பாகு, முட்டை, எண்ணெய், தயிர் நான்கையும் ஒன்றாக அடித்து, சலித்த மாவைப் போட்டு, மாவு மறையும் வரை மட்டும் கலக்குங்கள். கலந்ததும் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும்.

குக்கரில் கேஸ்கட், வெயிட் இரண்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஸ்டாண்டு போட்டு, 10 நிமிடம் மிதமான தீயில் வெறும் குக்கரைச் சூடாக்குங்கள். கேக் பாத்திரத்தைக் குக்கருக்குள் இறக்கி வைத்ததும் தீயைச் சிறிதாக்கி 40 முதல் 45 நிமிடம். முதல் 30 நிமிடம் மூடியைத் திறக்கக் கூடாது; நடுப்பகுதி இறுகும் முன் சூடு இறங்கினால் எழும்பியது அமுங்கும். குச்சியை ஓரத்தில் குத்திப் பார்த்து ஏமாற வேண்டாம், நட்டநடுவில் குத்துங்கள். ஓ.டி.ஜி. என்ற மின் அடுப்பு இருந்தால் 170 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம்.

இன்னொன்று: ஆறு மாதத்துக்கு முன் திறந்த பேக்கிங் பவுடர் டப்பா கடற்கரை ஊரில் உயிரோடு இருக்கும் என்று நம்பாதீர்கள். அரை கப் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் போட்டால் சளசளவென்று நுரைக்க வேண்டும். நாலு குமிழி மட்டும் வந்தால் வீசிவிடுங்கள். சோடாவுக்கு இதே சோதனையை எலுமிச்சைச் சாற்றில் செய்யலாம்.

கே: பன் செய்ய மாவு பிசைந்து, புத்தகத்தில் சொன்னபடி ஒன்றரை மணி நேரம் வைத்தேன். கள் வாடை அடித்தது. பன் தட்டையாக, புளிப்பாக வந்தது. ஈஸ்ட் கெட்டதா?
– வாசகர், மண்டபம்

ஈஸ்ட் நன்றாக இருக்கிறது, அளவுக்கு மேலேயே வேலை செய்திருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரம் குளிர் ஊருக்கான கணக்கு. நம் அடுப்படியில் மழைநாளிலும் 29, 30 டிகிரி இருக்கும். 45 நிமிடத்தில் மாவு இரட்டிப்பாகிவிடும். கடிகாரத்தை விட்டு மாவைப் பாருங்கள். விரலில் மாவு தொட்டுக் குத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி மேலேறி நிற்க வேண்டும். உடனே நிரம்பினால் இன்னும் நேரம் வேண்டும். பள்ளம் அசையாமல் நின்றால் தாண்டிவிட்டது.

250 கிராம் மைதாவுக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், உப்பு 4 கிராம், சீனி 20 கிராம், வெண்ணெய் 25 கிராம், தண்ணீர் 145 மில்லி. வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டாம், ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றுங்கள். இந்த மாதத்தில் மைதாவே ஈரம் பிடித்திருக்கும், ஆகவே 130 மில்லியில் தொடங்கி, மிச்சத்தைத் தேவை பார்த்துச் சேருங்கள். உருட்டி வைத்த பிறகு இரண்டாவது எழும்பலுக்கு 25 முதல் 30 நிமிடம் போதும்.

தாண்டிப்போன மாவைக் கொட்ட வேண்டாம். மெல்லிசாகத் தேய்த்துத் தோசைக்கல்லில் நான் ரொட்டி மாதிரி சுடலாம்; புளிப்பு அதற்குப் பொருந்தும்.

கே: வட்லப்பம் முழுக்க ஓட்டை ஓட்டையாக வருகிறது, தட்டில் தண்ணீர் விடுகிறது. நோன்புப் பெருநாளைக்கு முன் சரி செய்ய வேண்டும்.
– வாசகி, தொண்டி

ஆவி அதிகம். முட்டைக் கலவை 80 டிகிரிக்குப் பக்கத்திலேயே உறைந்துவிடும். அதற்கு மேல் கொதி ஏறினால் முட்டை இறுகி, பிடித்து வைத்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். ஓட்டையும் தண்ணீரும் ஒரே காரணத்தின் இரண்டு அடையாளம்.

6 முட்டை, கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 300 மில்லி, கருப்பட்டி 225 கிராம், ஏலக்காய் 4. முட்டையை நுரை பொங்க அடிக்காமல் கரண்டியால் கலக்கினால் போதும். நுரை இருந்தால் அதுவும் ஓட்டையாக நிற்கும். ஆறிய கருப்பட்டிக் கரைசலைச் சேர்த்து, எல்லாவற்றையும் சல்லடையில் ஒரு தடவை வடிகட்டுங்கள். பாத்திரத்தின் வாயை வாழையிலையாலோ அலுமினியத் தாளாலோ மூடிக் கட்டினால் மூடியிலிருந்து ஆவித் தண்ணீர் சொட்டாது. தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, மெல்லிய ஆவியில் 35 முதல் 40 நிமிடம். ஓரம் இறுகி, நடு இன்னும் லேசாக ஆடும்போதே இறக்குங்கள். மிச்சத்தை உள்ளிருக்கும் சூடு பார்த்துக்கொள்ளும்.

கே: தொதல் கிண்டினேன். மூன்று மணி நேரமும் கை ஓயவில்லை, ஆனாலும் கையில் ஒட்டுகிறது, மாவு வாடையும் போகவில்லை.
– வாசகி, பெரியபட்டினம்

கருப்பட்டியை முதலிலேயே போட்டிருப்பீர்கள். இனிப்பு அதிகமான நீரில் அரிசி மாவு சரியாக உப்பி வேகாது. 250 கிராம் பச்சரிசி மாவை இரண்டாம், மூன்றாம் தேங்காய்ப்பால் ஒரு லிட்டரில் கரைத்து, கூழாகி மாவு வாடை போகும் வரை முதலில் வேகவிடுங்கள். அதன் பிறகு 500 கிராம் கருப்பட்டிக் கரைசல், கடைசியில் 400 மில்லி முதல் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக. எண்ணெய் பிரிந்து, கலவை உருளியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வந்த பிறகும் அவசரப்படாமல், நெய் தடவிய தட்டில் ஒரு துளி வைத்து ஆறவிட்டுத் தொட்டுப் பாருங்கள், ஒட்டாவிட்டால் இறக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் அரிசி மாவு விறைத்துக் கட்டியாகிவிடும்.

கே: போர் தண்ணீரில் துவரம்பருப்பு 7 விசிலுக்கும் வேகவில்லை. குக்கரை மாற்றச் சொல்கிறார் மாமியார்.
– வாசகி, ராமேசுவரம்

குக்கரை மாற்ற வேண்டாம், பருப்புக்கு மட்டும் தண்ணீரை மாற்றுங்கள். கடினநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரைப் பிணைத்து இறுக்கிவிடும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்துத் தனியாக வையுங்கள். ஊறப்போடுவதும் அந்தத் தண்ணீரில்தான். அது கிடைக்காவிட்டால் போர் தண்ணீரை 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் அடியில் படியும் வெள்ளை வண்டலை விட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி இதில் இறங்கிவிடும். உப்புக்கரிப்பு மட்டும் கொதித்தாலும் போகாது, அந்தத் தண்ணீருக்குக் குழம்பில் உப்பைக் குறைக்க வேண்டும். தக்காளி, புளி இரண்டையும் பருப்பு மலர்ந்த பிறகே சேருங்கள், புளிப்பும் வேகவிடாது. ஒரு சிட்டிகை சோடா போட்டால் வெந்துவிடும்தான், ஆனால் பி1 வைட்டமின் அழியும். தினமும் போடுவதை ஏற்க முடியாது.

கே: கணவாய் வறுவல் ரப்பர் மாதிரி ஆகிறது.
– வாசகர், பாம்பன்

ஊசிக் கணவாய் என்றால் நல்ல தீயில் 2, 3 நிமிடம். நிறம் வெளுத்துச் சுருண்டதும் இறக்குங்கள். அந்த நேரம் தாண்டிவிட்டால் நடுவில் நிறுத்தாதீர்கள். மூடி போட்டு 40 நிமிடம் மெல்லிய தீயில் விட்டால் மறுபடி மிருதுவாகும். தடித்த ஓட்டுக் கணவாய்க்கு இந்த இரண்டாவது வழிதான் நல்லது.

கே: சூரை மீன் குழம்பு சாப்பிட்டதும் நாக்கு சுறுசுறுவென்று எரிந்தது, முகம் சிவந்தது. மீனை நன்றாகவே வேகவைத்தேன். முண்டு மிளகாய் அதிகமானதா?
– வாசகி, தேவிபட்டினம்

மிளகாய் காரணமாகத் தெரியவில்லை. தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். சூரை, சீலா, சாளை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் பிடிபட்டபின் ஐஸ் இல்லாமல் கிடந்தால், அவற்றின் சதையில் பாக்டீரியாவால் ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும். ஒரு தடவை சேர்ந்துவிட்டால் வேகவைத்தாலும் பொரித்தாலும் புளியில் ஊறவைத்தாலும் அழியாது. ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. மீன் நாறியிருக்க வேண்டும் என்றும் இல்லை. நாக்கு எரிச்சல், முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு எல்லாம் சில நிமிடத்திலிருந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். மூச்சு இழுத்தாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தக் குழம்பில் மிச்சம் இருந்தால் யாருக்கும் கொடுக்காமல் கொட்டிவிடுங்கள்.

வாங்கும்போது ஐஸில் கிடக்கும் மீனையே எடுங்கள். வீட்டுக்கு வந்து கழுவியதும் ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே வைத்து, அன்றே சமைத்துவிடுங்கள். மசாலா தடவி மேடையில் இரண்டு மணி நேரம் ஊறவைக்கும் பழக்கத்தைச் சூரைக்கு விட்டுவிடுங்கள், ஊறுவது ஃபிரிட்ஜுக்குள் ஊறட்டும்.

கே: முண்டு மிளகாய் அரைத்து வைத்தேன், பத்து நாளில் தூள் கட்டிப்பட்டு நிறம் மங்கியது.
– வாசகர், ஏர்வாடி

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டுக்குத் தோல் தடிப்பு, அதனால் உள்ளே ஈரம் தங்கும். குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். சத்தம் வராத மிளகாய் காயவில்லை. வெயில் இல்லாத மாதத்தில் வெறும் சட்டியில் சிறுதீயில் சூடேற்றி, ஆறியபின் அரையுங்கள். மில்லிலிருந்து வரும் தூள் சூடாக இருக்கும். அதைத் தாளில் பரப்பி ஆறவிட்டே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டிவிடும். அரைக்கும் முன் நாலு மிளகாயைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாகவோ சாம்பல் பூத்தோ இருந்தால் அந்த மிளகாய் வேண்டாம்; பூஞ்சை விடும் நச்சு வறுத்தாலும் போகாது.

கே: நெய் பிஸ்கட் சுட்ட அன்று மொறுமொறு, மறுநாள் நமுத்துவிடுகிறது.
– வாசகி, கீழக்கரை

150 டிகிரியில் 6 நிமிடம் மறுபடி சுடுங்கள், முழுதாக ஆறட்டும், வாய் இறுக்கமான தகர டப்பாவில் போடுங்கள். சாப்பிட எடுப்பதற்கு ஒரு சின்ன டப்பா தனியாக இருக்கட்டும். பெரிய டப்பாவை மழைநாளில் அடிக்கடி திறக்க வேண்டாம்.