கால்குலேட்டரில் திட்ட விலக்கம்: நூல் மில் ஆய்வகத்துக்காரரின் பதில்கள்

கே (அன்னூர்): மாமா வெளிநாட்டிலிருந்து டிஐ-84 கொண்டுவந்தார். அதில் திட்ட விலக்கம் எப்படிங்க?

ப: முதலில் பழைய எண்களை அழியுங்க தம்பி. ஸ்டாட், எடிட் போய், மேலே எல்1 என்ற பெயர்மீது கர்சரை வைத்து கிளியர், என்டர். டெல் தட்டாதீர்கள், வரிசையே மறைந்துவிடும் (ஸ்டாட், 5, என்டர் கொடுத்தால் திரும்பும்). எண்களைப் போட்டதும் மறுபடி ஸ்டாட், வலது அம்பு, ஒன்-வார் ஸ்டாட்ஸ். லிஸ்ட் எல்1, ஃப்ரீக்லிஸ்ட் காலி.

கே (பல்லடம்): எஸ் எக்ஸ், சிக்மா எக்ஸ் என்று இரண்டு வருதே, எதை எழுதுவது?

ப: இதைத்தான் கேட்கணும். 40-ஆம் நம்பர் நூலில் ஐந்து பாபின் எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் 120 கஜம் சுற்றி எடை போட்டால் கவுண்ட் (நூலின் பருமனைக் காட்டும் நம்பர்) 38, 39, 40, 41, 42 என்று வருகிறது என வையுங்கள். சராசரி 40. விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 10. ஐந்தால் வகுத்து மூலம் எடுத்தால் 1.41, அது சிக்மா எக்ஸ். நான்கால் வகுத்தால் 1.58, அது எஸ் எக்ஸ். ஓடுகிற நூல் முழுவதையும் நாம் அளக்கவில்லை, ஐந்து பாபின்தான். அதனால் மில்லில் எஸ் எக்ஸ். மாறுபாட்டுக் கெழு (விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) 3.95 சதவீதம். சிக்மாவைப் போட்டால் 3.54 ஆகி, நூல் இருப்பதைவிடச் சீராகத் தெரியும்.

கே (கோபி, கணித ஆசிரியை): பத்தாம் வகுப்பில் எண்ணிக்கையால்தானே வகுக்கச் சொல்கிறோம்? பிள்ளைகளைக் குழப்பாதீங்க.

ப: பரீட்சையில் உங்கள் வழிதான் அம்மணி, சிக்மாவையே எழுதட்டும். அங்கே கொடுத்த எண்களே முழுத் தொகுதி.

கே (பெருந்துறை): ஒன்றைக் குறைப்பது பொய்க் கணக்கு. ஐந்து எண் இருந்தால் ஐந்தால்தான் வகுக்கணும்.

ப: சராசரியும் அதே ஐந்திலிருந்து வந்ததுங்க. விலக்கங்களைக் கூட்டினால் சுழியம் ஆகணும், ஆக நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாக வந்துவிடும். சுதந்திரமாக இருப்பது நான்குதான். நூல் முழுவதின் உண்மைச் சராசரியிலிருந்து அளந்தால் வர்க்கக் கூடுதல் இதைவிடக் குறையவே குறையாது. நம் கூடுதல் சற்றுக் குறைவாகவே வரும், அந்தக் குறையை ஈடுகட்டத்தான் நான்கால் வகுப்பது. முப்பது எண் எடுத்தால் இரண்டு விடைக்கும் வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை. சண்டை ஐந்து பாபினுக்குத்தான்.

கே (பெருந்துறை): இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ப: சரி.

கே (தாராபுரம்): காசியோ 991 எம்எஸ்ஸில்?

ப: மோடு, மோடு, 1. எண் ஒவ்வொன்றுக்கும் பின் எம் பிளஸ். முடித்ததும் ஷிஃப்ட், 2. அதில் 2 சிக்மா, 3 ஒன்று குறைத்தது. மோடு மாற்றியதும், முதல் எண்ணைப் போடும் முன்பே, ஷிஃப்ட், மோடு, 1, சமம் போட்டு பழைய எண்களை அழியுங்கள்.

கே (காங்கேயம்): இரண்டு விடையில் எதை எழுதுவது?

ப: பல்லடத்துக்குச் சொன்னதைப் படியுங்க.

கே (உடுமலை): நூல் விலை இறங்குமா?

ப: வியாபாரியைக் கேளுங்க.

கே (அவிநாசி): உங்கள் ஐந்து எண்ணைத்தான் காசியோவில் போட்டேன். எண்ணிக்கை 10 என்று காட்டுகிறது.

ப: அழிக்கலையே கண்ணு.