எட்ஸீனோ எங்கேயிருந்து வந்தது? எஸ்பெராந்தோச் சொற்கள்: கேள்வி பதில்

மானிப்பாய்: அண்ணை, எஸ்பெராந்தோ எண்ட செயற்கை மொழியில் எட்ஸோ எண்டால் கணவன், எட்ஸீனோ எண்டால் மனைவி. கணவன் சொல்லிலிருந்துதானே மனைவி வந்திருக்கும்?

பதில்: பத்ரோ அப்பா, பத்ரீனோ அம்மா, ‘ஈன்’ பெண்பால் விகுதி. அதால அப்பிடித்தான் தெரியும். ஆனால் பிறந்த கதை தலைகீழ். ஜெர்மனில் பட்டத்து இளவரசனின் மனைவி ‘குரோன்பிரின்ட்ஸெஸின்’. எஸ்பெராந்தோவை உருவாக்கின ஸமென்ஹோஃப் அதைக் ‘குரோன்பிரின்ட்ஸ்-எட்ஸீன்’ எண்டு பிரிச்சார். இளவரசனை எடுத்துவிட, மிஞ்சின எட்ஸீனுக்கு ‘மனைவி’ எண்ட பொருள். அதிலிருந்து ‘ஈன்’ஐயும் கழற்ற, ‘எட்ஸ்’ கணவனுக்கு வேராய் நிண்டுவிட்டுது. ஃபிரௌலோ, மணமாகாத ஆண், அதுவும் இப்பிடித்தான்: ஜெர்மன் ஃபிராய்லைன் ஃபிரௌலீனோ ஆகி, பிறகு ‘ஈன்’ கழண்டது. ஜெர்மனில் அந்த ‘லைன்’ பெண்பால் விகுதியே இல்லை, சிறுமை காட்டுறது.

பருத்தித்துறை: எட்ஸீனோ இத்திஷ் சொல், கிழக்கு ஐரோப்பிய யூதரின்ர மொழி அது. யூத மதகுருவான ரபியின் மனைவியை ரெபெட்ஸின் எண்டுவினம்.

பதில்: ஸமென்ஹோஃப் இத்திஷுக்கு இலக்கணமே எழுதினவர், அந்தச் சொல் அவருக்குப் புதிசில்லை. ஆனால் அவர் தானே தந்த விளக்கம் ஜெர்மன் இளவரசிதான்.

மானிப்பாய்: அப்ப பருத்தித்துறை பிழை.

பதில்: பிழை எண்டு தள்ளேலாது. இரண்டு சொல்லிலும் கடைசித் துண்டு ‘இன்னாரின் மனைவி’ எண்டு காட்டுது. வெட்டினது ஜெர்மன் சொல்லை. எங்கே வெட்டலாம் எண்டு இத்திஷ் பழகின காது சொல்லியிருக்கலாம்.

சுன்னாகம்: எஸ்பெரோ, எதிர்பார். ஒலி ஒக்குது, தமிழ்தானே ஐயா?

பதில்: இல்லை. ஒலி ஒத்தால் போதாது, வந்த வழியைக் காட்டவேணும். முதல்ல கடைசி ‘ஓ’வைக் கழற்றுங்கோ, பிறகு விகுதிகளை. மிஞ்சிற வேரை லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், ருசிய அகராதிகளில தேடுங்கோ. ‘எஸ்பெர்’ லத்தீன் ஸ்பெராரே வழி வந்தது, பிரெஞ்சில் எஸ்பெரே. 1887இல் வார்சாவில் இந்த மொழியின் முதல் நூலை வெளியிட்டபோது ஸமென்ஹோஃப் தனக்கு வைத்த புனைபெயர் ‘எஸ்பெராந்தோ’, நம்பிக்கொண்டிருப்பவர். எதிர்பார் எங்கட எதிர், பார் இரண்டும் சேர்ந்தது.

சுன்னாகம்: தாகோ, பகல்?

பதில்: ஜெர்மன் டாக். மேலே உள்ளதை இன்னொருக்கா வாசியுங்கோ.

நல்லூர்: மங்கோ?

பதில்: ஓம், இது எங்கட பக்கத்துச் சரக்கு. மாங்காய், மலையாள மாங்ங, போர்த்துக்கேய மங்கா, பிறகு ஐரோப்பா முழுக்க. கறுத்தக்கொழும்பானும் அங்கே மங்கோதான்.

சாவகச்சேரி: கதெத்ரோ எண்டால் விரிவுரை மேடை, பேராசிரியர் பதவி. கதிரை மாதிரிக் கிடக்கு. இதுவும் ஒலி மட்டுமோ?

பதில்: இல்லை, இதுக்கு வழி இருக்கு. கிரேக்கத்தில் கதெத்ரா எண்டால் இருக்கை. அது லத்தீனுக்குப் போய் இரண்டு கிளையாச்சு. படிச்ச ஆக்களின்ர கிளையில ‘த்ர’ உடையாமல் நிண்டது, அதுதான் கதெத்ரோ. போர்த்துக்கேயரின் பேச்சில் அது இளகிக் கதெய்ரா ஆனது. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச அவையின்ர மொழியிலிருந்துதான் எங்களுக்குக் கதிரை.