தாத்தா இறந்த பிறகு மகன் அழவே இல்லை என்று கேட்ட ஹட்டன் அக்காவுக்கு

அக்கா, இழவு வீட்டில் "ஆம்பளப் புள்ள அழுவானா?" என்று மாமா அதட்டியதிலிருந்து மகன் அழவே இல்லை, பள்ளிக்கூடத்தில் ஒரே அடிதடி என்று எழுதியிருந்தீர்கள். அடக்கிய துக்கம் பிள்ளைகளிடம் பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும். அவனை உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். விறகெடுக்கப் போகும்போது நீங்களே தாத்தாவைப் பற்றிப் பேச்செடுங்கள். உங்களுக்குக் கண் கலங்கினால் அவனிடம் மறைக்க வேண்டாம்.

மாமாவையும் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள், பாவம். அவரிடம் தனியாகக் கேளுங்கள்: நம் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டி, எரிந்துபோன மன்மதனுக்காக ஊர் முன்னால் ஒப்பாரி வைப்பது ஆம்பளைகள்தானே? அவர்களை யார் குறைவாகப் பேசினார்கள்?

சரி, சில வாரங்களிலும் மாறாவிட்டால், சாப்பாடு தூக்கம் குறைந்தால், 1926-க்கு அழையுங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் அது.