"இன்று அரண்மனை மூடல்" என்று வெளியே ஒருவர் சொன்னால்

பெரும்பாலும் மூடியிருக்காது. பாங்காக் கிராண்ட் பேலஸ் வழக்கமாகத் தினமும் காலை 8.30-க்குத் திறக்கும், பிற்பகல் 3.30 வரை டிக்கெட் கொடுப்பார்கள். "பூஜை நடக்கிறது, 1 மணிக்கு வாங்க" என்று உங்களிடம் சொன்னவர் பெரும்பாலும் துக்-துக் (அந்த ஊர் ஆட்டோ) தரகர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கினாலும் நம்ப வேண்டாம்.

அதுவரை 20 பாத்துக்கு (தாய்லாந்து நாணயம்) ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்பார்கள். அந்தக் காசு கட்டுப்படியாகாது. ரத்தினக் கடையும் தையல் கடையும் தரும் கமிஷன்தான் அவர்கள் வரும்படி. "ஊரில் விற்றால் இரட்டிப்பு விலை" என்று மட்டமான கல்லைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

அங்கேயே சரிபார்க்க வழி: பதில் பேசாமல் மதிலை ஒட்டியே வடக்குப் பக்கம், நா ப்ரா லான் சாலை வாசல் வரை நடந்துவிடுங்கள். சுற்றுலாப் பயணிகள் நுழைவது அங்கேதான். பக்கத்து வாசல்கள் சாத்தியிருப்பதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள்.

நெரிசலைத் தவிர்த்து அரண்மனைக்குப் போக:

1. சாதோர்ன் படகுத்துறையில் "டூரிஸ்ட் படகு மட்டும்தான் போகும்" என்று யாராவது சொன்னால், ஆரஞ்சுக் கொடிப் படகு (சாதாரணப் பயணிகள் படகு) எது என்று கேளுங்கள். தா சாங் துறையில் இறங்க வேண்டும். ஏறும்போது பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். படகு சில நொடிகளே நிற்கும்.

2. படகு நிரம்பி வழிந்தால் மெட்ரோ நீல வழித்தடத்தில் சனாம் சாய் நிலையம். அங்கிருந்து சுமார் 15 நிமிட நடை. குழந்தைகளோடு போனால் இதுவே மேல்.

அரச குடும்பச் சடங்குகளுக்காக உண்மையாகவே மூடும் நாட்களும் உண்டு. முந்தைய இரவே அரண்மனையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பாருங்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடையோடு போனால் உள்ளே விடமாட்டார்கள். யாராவது விடாமல் தொல்லை கொடுத்தால் சுற்றுலாக் காவல்துறை எண் 1155.