பின்பக்கம் ‘டொக்’ சத்தம்: காரை விற்பதா, வேலை பார்ப்பதா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறேன். 2011 நவம்பரில் எடுத்த பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். 1,30,000 கி.மீ. ஓடிவிட்டது. சரக்குக் கட்டுகளைப் பின்சீட்டிலும் டிக்கியிலும் ஏற்றிக்கொண்டு வேலூர், ஆற்காடு கடைகளுக்குப் போவேன். கொஞ்ச நாளாகப் பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் ‘டொக்’ என்று சத்தம் வருகிறது. வேகத்தடையில் இடிக்கிறது. “பின்பக்க சஸ்பென்ஷன் மொத்தமும் போச்சு, 38,000 ரூபாய் ஆகும்” என்கிறார்கள் ஒர்க்‌ஷாப்பில். வண்டியே 1,30,000-க்கு மேல் போகாது. விற்றுவிட்டு, 3,50,000 கடன் போட்டு 4,80,000-க்கு வேறு பழைய கார் வாங்கலாமா சார்? ஆர்.சி.யும் 15 வருஷம் முடியப் போகிறது.

பதில்: நீங்கள் 38,000-ஐ வண்டியின் விலையோடு ஒப்பிடுகிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள், கணக்கு தப்பாகப் போவதும் அங்கேதான். வண்டி என்ன விலை போகும் என்பது விற்கிற அன்றைக்கு மட்டும் வேண்டிய எண். வேலை பார்க்காவிட்டால் அதற்குப் பதிலாக என்ன செலவாகும் என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும். 3,50,000 கடன், வட்டி 14%, நான்கு வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 9,560. முடிக்கும்போது வட்டி மட்டும் 1,09,000 வரை கட்டியிருப்பீர்கள். அந்த 38,000 முழுவதும் செலவானாலும் அது நான்கு மாதத் தவணைதான். வாங்கப்போகிற காரும் பழையதுதானே, அதன் ஷாக் அப்சார்பர் எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் 38,000-ஐக் கட்டுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். “மொத்தமும் போச்சு” என்றால் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். உங்கள் வண்டியின் பின்பக்க அமைப்பு எளிமையானது. இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரு ஆக்சில் பீம், அதன் முன்முனைகளில் பாடியோடு சேரும் இடத்தில் இரண்டு பெரிய ரப்பர் புஷ், இரண்டு காயில் ஸ்பிரிங், இரண்டு ஷாக், அவற்றின் மவுண்ட், ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர். அவ்வளவுதான். இவை எல்லாம் ஒரே நேரத்தில் போவது அபூர்வம். ரப்பருக்கும் ஷாக்குக்கும் விலையில் ரொம்ப தூரம்.

காசில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். டிக்கியைக் காலி செய்து, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும்கூட இறக்கி வைத்துவிட்டு, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் முதலில் ஸ்டெப்னி போல்ட்டை இறுக்கிப் பாருங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்தாலும் இதே ‘டொக்’தான் வரும். பள்ளமே இல்லாத நெடுஞ்சாலையில் வேகம் கூடக் கூட ‘உம்’ என்று ஒரு சத்தம் ஏறினால் அது வீல் பேரிங்காக இருக்கலாம், அது வேறு வேலை.

அப்புறம் ஷாக். பின்பக்க மூலையை நன்றாக அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். எழும்பி ஒரே தடவையில் அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. அடங்கிவிட்டதாலேயே நல்ல ஷாக் என்றும் சொல்லிவிட முடியாது, பாதி தேய்ந்தது இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதனால் ஷாக்கின் உடலையும் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பூச்சு பரவாயில்லை. வழிந்து, மண் ஒட்டி, ஈரமாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். டயர் மேல் கையை ஓட்டும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டாலும் ஷாக் மேல்தான் சந்தேகம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஷாக் போன வண்டியில் டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது, பிரேக் போட்டால் நிற்கிற தூரமும் கூடும்.

வேகத்தடையில் இடிக்கிறது என்கிறீர்களே, அது எனக்கு ஸ்பிரிங்கையும் பம்ப் ஸ்டாப்பையும்தான் காட்டுகிறது. சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அடிச்சுற்று உடைந்தும் இருக்கலாம். இரவில் உங்கள் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கலாம். இதற்கு ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் வைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். உயரம் ஏறும், தளர்ந்த ஸ்பிரிங் தளர்ந்தபடியேதான் இருக்கும்.

மிச்சம் ஆக்சில் புஷ். பிரேக் போடும்போது பின்னால் ஒரு தட்டு, லேன் மாறும்போது பின்பக்கம் கொஞ்சம் தாமதமாக வருவதுபோல ஓர் அலைச்சல் இருந்தால் அதுதான். இதை ரேம்ப்பில் ஏற்றி, கம்பியால் நெம்பித்தான் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி நீங்கள் அடியில் போகாதீர்கள். பின்டயர் ஒருபக்கமாகத் தேய்கிறது என்று வீல் அலைன்மென்ட்டுக்குக் காசு வாங்கினால், பின்னால் எதைத் திருப்பினீர்கள் என்று கேளுங்கள். இந்த வகை பீமில் திருப்பி அட்ஜஸ்ட் செய்ய ஒன்றும் இல்லை. புஷ் மாற்றினால், சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ரப்பர் முறுக்கியே கிழிந்துவிடும், சீக்கிரமே மறுபடி அதே செலவு.

ஆகவே முதல் செலவு ஆய்வுக்கூலி மட்டும். வேலூரிலோ காட்பாடியிலோ வேறொரு மெக்கானிக்கிடம், “வேலை உங்களுக்குத் தந்தாலும் தராவிட்டாலும் பார்க்கிற கூலி தருகிறேன்” என்று முன்பே சொல்லி ரேம்ப்பில் ஏற்றுங்கள். பாகம், லேபர் எல்லாம் வரி வரியாகப் பிரித்த எஸ்டிமேட் கேளுங்கள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் பக்கம் போக வேண்டாம், தேய்மானத்துக்கு க்ளைம் கிடையாது.

இன்சூரன்ஸ் என்றதும் ஒன்று. உங்கள் கடிதத்தில் சத்தத்தைவிட என்னைப் பயமுறுத்தியது லுங்கிக் கட்டுதான். தனியார் கார் பாலிசியில் சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர மற்ற சரக்கு ஏற்றுவது கவரில் வராது. கட்டுகளோடு ஒரு விபத்து என்றால் க்ளைம் மறுக்கப்படலாம். 38,000 எங்கே, அந்தத் தொகை எங்கே! ஸ்பிரிங் இறங்கியதற்கும் அந்தக் கட்டுகளே காரணமாக இருக்கலாம், எடை முழுக்கப் பின் ஆக்சில் மேல்தானே உட்காருகிறது. சரக்குக்குக் குட்டி யானை வாடகைக்குப் பேசுங்கள், முடிந்தால் பக்கத்து வியாபாரியோடு சேர்ந்து. காரில் சாம்பிள் மட்டும் போகட்டும். வருமான வரியில் உத்தேச முறையில், அதாவது விற்பனையில் 8%, வங்கி வழி வந்ததில் 6% லாபம் என்று காட்டுகிறவரானால் இந்த ரிப்பேரையோ வாடகையையோ தனியாகக் கழிக்க முடியாது, அதையும் மனதில் வையுங்கள்.

எப்போது விற்கச் சொல்வேன்? ஆக்சில் பீமிலோ, ஸ்பிரிங் உட்காருகிற பாடித் தகட்டிலோ துரு அரித்து ஓட்டை விழுந்திருந்தால். அதற்குமேல் புது ஷாக் போடுவது வீண். அது இல்லையென்றால் வேலையை முடித்து ஆர்.சி.யைப் புதுப்பியுங்கள், ஐந்து வருஷத்துக்குக் கிடைக்கும். புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் மத்திய அரசு 600-லிருந்து 5,000 ரூபாய் ஆக்கியது, பசுமை வரி தனி. முடிகிற தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வண்டியைப் பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள் என்பதால் சஸ்பென்ஷன் வேலை அதற்கு முன்னால் முடிந்திருக்கட்டும். விற்பதாக முடிவானாலும் ஆர்.சி. உயிரோடு இருக்கும்போதே விற்றுவிடுங்கள். காலாவதியானால் வாங்குகிறவர் அந்தச் செலவையும் அலைச்சலையும் உங்கள் விலையில்தான் கழிப்பார்.