பழைய டீசல் வேனுக்கு டர்போ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 2.0 லிட்டர், டர்போ இல்லாத டீசல் வேன். சுமை ஏற்றினால் மேட்டில் இரண்டாவது கியரை விட்டு ஏற மறுக்கிறது. பழைய பாகக் கடையில் ஒரு டர்போ கிடைத்திருக்கிறது. அதை மாட்டினால் இழுவை கூடுமா?

பதில்: டர்போவை மட்டும் மாட்டினால் கொஞ்சம்தான் கூடும். டீசல் எஞ்சினின் இழுவையைத் தீர்மானிப்பது பம்ப் தள்ளும் டீசல். புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ தருவது, அந்த டீசல் முழுதாக எரியக் காற்று. டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் கரும்புகை குறையும், புகைக்குழாயின் சூடு இறங்கும். இழுவை வேண்டுமானால் பம்பிலும் கை வைத்தாக வேண்டும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது.

காற்று எவ்வளவு கூடும் என்பதிலும் ஒரு தப்புக் கணக்கு உலவுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.5 பார் என்றால் காற்று ஒன்றரை மடங்கு என்று நினைக்கிறார்கள். அழுத்தினால் காற்று சூடாகும். சூடான காற்று விரியும். 25 டிகிரியில் உள்ளே போன காற்று 0.5 பாரில் ஏறக்குறைய 80 டிகிரியாக வெளிவரும். ஆகவே நிஜத்தில் கிடைப்பது 26 சதவீதம் அளவுக்குத்தான் கூடுதல். இன்டர்கூலர் என்னும் காற்றுக் குளிர்விப்பானை வைத்து அதை 45 டிகிரிக்கு இறக்கினால் 40 சதவீதத்தை ஒட்டி வரும். டர்போவுக்குத் தயாரிக்கப்படாத எஞ்சினுக்கு 0.4 முதல் 0.5 பார் வரை போதும். கடையில் கிடைக்கும் டர்போவின் வேஸ்ட்கேட் (அழுத்தம் எல்லை மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வு) பெரும்பாலும் இதற்கு மேல்தான் திறக்கும். அழுத்தமானி வைத்துச் சோதிக்காமல் மாட்டாதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை, அதே கொள்ளளவுள்ள டர்போ டீசலிலிருந்து கழற்றியதே பொருந்தும். பெரிய லாரி டர்போ, எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குக் கீழே ஓடும்போது தூங்கும். மேட்டில் உங்களுக்கு வேண்டிய இழுவையோ 1800 சுற்றில்.

கேள்வி: மாட்டுவதற்கு முன் எஞ்சினில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் காற்று உள்ளே போகும் இன்டேக் வாயைப் பாருங்கள். மிகப் பழைய சில டீசல்களில் அங்கே பட்டர்ஃபிளை வால்வு ஒன்று இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் டீசல் பம்பின் பின்புறமுள்ள டயஃப்ரத்துக்குப் போகும். அது நியூமேட்டிக் கவர்னர், அதாவது காற்றழுத்தத்தால் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. இன்டேக்கின் வெற்றிடம்தான் அங்கே டீசலைக் குறைக்கிறது. டர்போ வந்து வெற்றிடம் போய்விட்டால் ஸ்பிரிங், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் கம்பியை முழு டீசலுக்குத் தள்ளிவிடும். எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும். பம்பை மெக்கானிக்கல் கவர்னர் உள்ளதாக மாற்றாமல் இந்த எஞ்சினைத் தொடவே கூடாது.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு. உற்பத்தியாளர் சொன்ன குறைந்தபட்ச அளவுக்கு மேல் எல்லா சிலிண்டரும் இருக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் 1.6 லிட்டர் டீசலில் புதிதாக 34 பார். தேய்மான எல்லை 28 பார். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 5 பாரைத் தாண்டக் கூடாது. கம்ப்ரஷன் விழுந்த எஞ்சினுக்கு டர்போ மருந்தல்ல.

அதே எஞ்சின் இன்னொரு பாடமும் சொல்லும். டிரான்ஸ்போர்ட்டர் வேனில் டர்போ இல்லாமல் 50 குதிரைத்திறன், டர்போவோடு 70. இருபது குதிரைக்காக, பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட் உட்பட உள்ளே பலவற்றை மாற்றினார்கள். உங்கள் எஞ்சினில் அந்த ஜெட் இல்லாவிட்டால் ஆசையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டர்போ மாட்டி இரண்டு வாரம்தான் ஆகிறது. சிக்னலில் நின்றால் நீலப் புகை. டர்போ சீல் போய்விட்டது என்கிறார்கள். வேறு வாங்கவா?

பதில்: வாங்காதீர்கள், டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் ரிட்டர்ன் பைப்பைப் பாருங்கள். டர்போவின் ஆயில் சீல் என்பது ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு வளையம். ஆயில் தங்குதடையின்றி கீழே வடிந்தால்தான் அது தாக்குப்பிடிக்கும். வடிகால் அடைபட்டால் டர்போவுக்குள் ஆயில் தேங்கி, வளையத்தைத் தாண்டி இருபுறமும் கசியும்.

உள்விட்டம் 12 மி.மீ.க்குக் குறையாத, முடிந்தால் 16 மி.மீ. பைப் போடுங்கள். டர்போவிலிருந்து சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) வரை இறக்கமாகவே போக வேண்டும். நடுவில் தொய்வோ மேடோ கூடாது. சம்பில் சேருமிடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். ஓட்டையைச் சம்பைக் கழற்றிப் போடுங்கள்; மாட்டியபடியே துளையிட்டால் சீவல் உள்ளே விழும். எல்லாம் சரியாக இருந்தும் புகை வந்தால், எஞ்சின் உள்ளழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாயைப் பாருங்கள். கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலும் ஆயில் வடியாது.

உள்வரும் ஆயிலுக்கு, ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் T வடிவப் பிட்டிங் போட்டு 4 முதல் 5 மி.மீ. உள்விட்டமுள்ள ஸ்டீல் பின்னல் ஹோஸ் இழுத்தால் போதும். டர்போவைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் மேல் துளையில் ஆயில் ஊற்றி வீலைக் கையால் சுழற்றுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க, டீசலை நிறுத்தும் பம்பின் ஸ்டாப் சோலினாய்டு வயரைக் கழற்றிவிட்டு, பத்துப் பதினைந்து விநாடி வீதம், ஆயில் லைட் அணையும்வரை செல்ஃப் அடியுங்கள்.

இந்தக் கசிவை விட்டுவைக்காதீர்கள். எஞ்சின் தன் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையை வைக்காதீர்கள்.

கேள்வி: டர்போவுக்கு பிரேக் பூஸ்டரில் மாற்றம் வேண்டுமா?

பதில்: தனி வாக்குவம் பம்ப் இருந்தால் வேண்டாம்.

கேள்வி: டீசலை எவ்வளவு கூட்டலாம்?

பதில்: பம்பில் டீசலைக் கூட்டும் ஸ்குருவைத் தொடும் முன் புகைச்சூடு மீட்டர் மாட்டுங்கள். கே வகை தெர்மோகப்பிளை (மீட்டரின் சூடு உணரும் முனையை) டர்போவில் புகை சுழற்றும் டர்பைனுக்கு முன்னால், புகை வெளியேறும் மேனிஃபோல்டில் சிலிண்டர்கள் ஒன்றுசேரும் இடத்தில் வைக்க வேண்டும். 8.5 மி.மீ. துளை, 1/8 அங்குல பைப் மரை. மேனிஃபோல்டைக் கழற்றி வைத்துத் துளையுங்கள். ஒரு சீவல் போதும் டர்பைன் வீலைத் தின்ன. டர்பைனுக்குப் பின்னால் வைத்தால் சுமையில் 100 டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.

பாஷ் நிறுவனத்தின் விஇ வகை டீசல் பம்பானால் பின்புறத்தில் லாக்நட்டோடு முழுச்சுமை ஸ்குரு இருக்கும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஸ்லோ ஸ்பீடு ஏறினால் ஐடில் ஸ்குருவில் இறக்குங்கள். ஐடிலில் இறக்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டால் அதிகம் திருகிவிட்டீர்கள், பின்வாங்குங்கள்.

பிறகு சுமையோடு நீண்ட மேட்டில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்துப் பாருங்கள். ஆயில் ஜெட் இல்லாத எஞ்சினில் 650 டிகிரியை எட்டியும் முள் ஏறிக்கொண்டே போனால் காலை எடுங்கள். ஸ்குருவை ஒரு படி திருப்பி வையுங்கள். ஜெட் உள்ளதற்கும் 700 கடைசிக் கோடு. டர்போ அழுத்தத்துக்கேற்ப டீசலைக் கூட்டும் பூஸ்ட் டயஃப்ரம் இல்லாத பம்பில், டர்போ எழும் முன் கொஞ்சம் கரும்புகை வரத்தான் செய்யும். அதை அறவே ஒழிக்க நினைத்தால் மேலே இழுவை போய்விடும். டயஃப்ரம் உள்ள டர்போ பம்பைத் தேடி மாற்றுவதே ஒழுங்கான வழி.

ரேடியேட்டரை இதே சமயம் உள்ளே வெளியே கழுவிவிடுங்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் முதல் மேட்டிலேயே வழுக்கிக் காட்டிக்கொடுக்கும்.